எங்க வீட்டு மியூசியம்

சிவகாசி,
17.6.2007

அன்புத் தம்பி விக்னேஷுக்கு,

அக்கா கற்பகவல்லி எழுதுகிறேன். இங்கே நானும் உன் மச்சானும் சுகமாக இருக்கிறோம். ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் அவருக்கு இந்த மாதம் ராத்திரி ஷிப்டு. பகலெல்லாம் தூங்குகிறார், நான் என் வீட்டிலேயே பூனை மாதிரி நடக்கிறேன். காரியாபட்டியில் அப்பாவும் அம்மாவும் நன்றாக இருக்கிறார்கள். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். ஹைதராபாத்தில் உன் உடம்பு எப்படி? காரமாய்த் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

போனில் சொன்னால் ‘சரிக்கா, சரிக்கா’ என்று காதில் வாங்காமலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். காகிதமென்றால் படித்துத்தானே ஆகவேண்டும்.

இந்த வருஷம் என்னை விஸ்வநத்தம் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புக்கு வரலாறு. பிள்ளைகள் பூராவும் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். தீபாவளி சீசன் சூடு பிடித்தால் பாதி பெஞ்சு காலியாகிவிடுமாம். பாடப் புத்தகத்தில் சீனாவும் ஜப்பானும் வருகிறது. படமென்று ஒன்று போட்டிருக்கிறார்கள் பார், கரியை அப்பின மாதிரி. அது புத்தரா பூசணிக்காயா என்று எனக்கே சந்தேகம்.

வெளிநாட்டு மியூசியங்கள் தங்களிடம் உள்ளதையெல்லாம் இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னாயே. பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். படம் தலையிலிருந்து கோடு கோடாக இறங்கி, மூக்குக்கு வருவதற்குள் லைன் போய்விட்டது. பள்ளியில் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, இன்டர்நெட்தான் இல்லை. நீ நல்ல படமாக எடுத்து சி.டி.யில் போட்டு அனுப்பேன். ஒவ்வொன்றுக்கும் தமிழில் விவரமும் எழுது. ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு புண்ணியம் சேரட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
கற்பகவல்லி


ஹைதராபாத்,
3.7.2007

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் சுகம். வயிறும் சுகம். மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும். ஆபீஸில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்கு யார் சொன்னது?

இத்துடன் சி.டி. அனுப்பியிருக்கிறேன். சீனாவில் தோட்டத்தில் பிள்ளைகள் பட்டாசு வெடிக்கிற ஓர் ஓவியச் சுருள், ஜப்பானில் ஆற்றுக்கு மேலே வாணம் விடுகிற படம், கம்போடியாவின் புத்தர் தலை ஒன்று, நம் பக்கத்து நடராஜர் ஒருவர். எல்லாம் பெரிய படங்கள். மவுஸால் இழுத்துப் பெரிதாக்கினால் துணியின் நூல்கூடத் தெரியும். அமெரிக்காவிலும் லண்டனிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை உங்கள் விஸ்வநத்தம் பிள்ளைகள் மூக்கு ஒட்டிப் பார்க்கலாம்.

மியூசியத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஒரு சீட்டு இருக்கும். அதே மாதிரி நானும் நாலு வரி போட்டிருக்கிறேன். பொருள் என்ன, எதனால் ஆனது, எந்த ஊர், செய்தவர் யார். இந்த நாலும் இல்லாவிட்டால் மியூசியத்துக்காரர்கள் அந்தப் பொருளை மதிக்கவே மாட்டார்கள்.

அம்மாவுக்குத் தைலம் தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
விக்னேஷ்குமார்


சிவகாசி,
26.7.2007

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். தைலம் வந்தது. அம்மா அதை எடுத்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள், தீர்ந்துபோகுமாம்.

ஏலே, நீ அனுப்பினது சி.டி. இல்லை, திருவிழா. ஒரே கம்ப்யூட்டர், அதனால் பத்துப் பத்துப் பேராக விட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்பதாம் வகுப்பும் தொங்குகிறது. தலைமையாசிரியர் நல்லசிவம் சார், “என்ன டீச்சர், சினிமாவா காட்டுறீக?” என்று கோபமாக வந்தார். வந்தவர் ஜப்பான் வாணத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நடராஜரைப் பார்த்ததும் முத்துப்பாண்டி என்று ஒரு வாலு, “நம்ம சாமி அமெரிக்காவுக்கு எப்பிடிப் போச்சு டீச்சர்? பாஸ்போர்ட் எடுத்துச்சா?” என்றான். வகுப்பு சிரித்தது. நான் பதில் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டது. காலனி ஆட்சியைப் பற்றி நான் ஒரு மாதம் நடத்தினாலும் அப்படிப் பதிந்திருக்காது. புத்தர் தலைக்கு, “ஒடம்பு எங்க?” என்று கேட்டார்கள். அது அந்த ஊரிலேயே இருக்கலாம் என்றேன். ஒரு பிள்ளை அழுதுவிட்டது.

ஓவியா என்று ஒரு பெண். கடைசி பெஞ்சு. அப்பா வேலுச்சாமி, அம்மா குருவம்மாள், ரெண்டு பேருக்கும் பட்டாசு வேலைதான். இவர்கள் மூதாதையர் நம் காரியாபட்டிப் பக்கம் நிலத்தில் கூலிக்கு இருந்தவர்களாம், நம் அப்பா பேரைச் சொன்னால் குருவம்மாளுக்குத் தெரிகிறது. இந்த ஓவியா அந்தச் சீனப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, “டீச்சர், படம் வரைஞ்சவுக பேரு போட்டிருக்கு. அந்தப் பிள்ளைக கையில இருக்க வெடியச் செஞ்சவுக பேரு போடலையே?” என்றாள். தெரியாதும்மா, யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன். “செய்யயில பக்கத்துல ஒருத்தர்கூட இல்லையாக்கும்?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படி மடக்கினதில்லை.

ஒரு நாள் வந்தால் மறுநாள் லீவு போடுகிறவள் இவள். இப்போது தினமும் வருகிறாள். அடுத்த சி.டி. எப்போது?

அக்கா


ஹைதராபாத்,
9.8.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே மழை. உன் கடிதத்தை ஆபீஸில் நாலு பேருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். ஓவியாவின் கேள்வியைக் கேட்டு எங்கள் மேனேஜர்கூட அதைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

எனக்கு ஒரு யோசனை. உன் பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொருளைக் கொண்டு வரட்டும். நீ படம் எடு. அவர்களே நாலு வரி எழுதட்டும். நான் அதையெல்லாம் ஒரு வலைப்பூவாக இன்டர்நெட்டில் ஏற்றுகிறேன். அமெரிக்காக்காரன் நம்மைப் பார்க்கட்டும். என் பழைய டிஜிட்டல் கேமராவைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆசிய வரலாறு என்றால் உன் வகுப்பும் ஆசியாதானே?

மச்சானுக்கு வணக்கம்.

விக்னேஷ்


சிவகாசி,
30.8.2007

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உனக்கு ஜலதோஷம் என்று அம்மா சொன்னாள். மழையில் நனையாதே.

கேமரா வந்ததிலிருந்து என்னைப் பாடம் நடத்த விடுகிறார்களா என்று கேள். ‘எங்க வீட்டு மியூசியம்’ என்று பேரும் அவர்களே வைத்துவிட்டார்கள். முத்துப்பாண்டி ஒரு லாரி ஹாரனைத் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பில் அடித்து உதை வாங்கினான். பாண்டிச்செல்வி, அச்சு ஆபீஸில் கழித்துப் போட்ட காலண்டர் கொண்டுவந்தாள். முருகனுக்கு மூன்று கண், மை ஒதுங்கிவிட்டதாம். இன்னொருத்தி அம்மாவின் தூக்குவாளி. சீட்டில் ‘செய்தவர்: தெரியாது, பேர் வெட்டினவர்: அய்யாதுரை பாத்திரக்கடை’ என்று எழுதியிருக்கிறாள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

ஓவியா எதையும் கொண்டு வரவில்லை. “வீட்டுக்கு வாங்க டீச்சர், அங்கன வச்சுத்தான் காட்ட முடியும்” என்றாள். போனேன். ஓவியா மடியில் சரவெடியைப் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தாள். மருந்து ஏற்றின வெடி, விக்னேஷ். பட்டாசுக் கம்பெனியில் வைத்துச் செய்யவேண்டிய வேலையை பெத்தணன் என்ற ஏஜெண்டு தெரு முழுக்கக் கொடுத்துச் சாயந்தரம் வாங்கிப் போகிறான். வீட்டில் வைத்துச் செய்யக்கூடாது, சட்டப்படி குற்றம். ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியாதா? சீசனில் இந்த வேலையும் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பதும் தெரியும்.

குருவம்மாள், “படமெல்லாம் வேணாம் டீச்சரம்மா, எதுக்கு வம்பு” என்றாள். ஓவியா பிடிவாதம். “யாராச்சும் பக்கத்துல இருந்து எழுதணும்ல?” என்கிறாள். நான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். முகம் வராமல், கைகளும் சரமும் மட்டும் எடுத்தேன். அது எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று நீயே பார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தப் படத்துக்கு மட்டும் பேரும் ஊரும் போடக்கூடாது. ‘பின்னிய சரம்’ என்று ஒரே வரி போதும். அவள் எழுதிக் கொடுத்த நாலு வரியையும் உனக்கு அனுப்பியிருக்கிறேன், நீ பார்ப்பதற்கு மட்டும்தான். பேரில்லை என்றால் அந்தப் பிள்ளை என்னோடு சண்டைக்கு வரும். நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அக்கா


ஹைதராபாத்,
14.9.2007

அன்புள்ள அக்கா,

ஜலதோஷம் போயே போச்சு. நீங்கள் இருவரும் நலந்தானே?

மியூசியம் திறந்தாயிற்று! தமிழ் வலைப்பூக்காரர்கள் பலர் பார்த்துவிட்டுப் பாராட்டு எழுதியிருக்கிறார்கள். மூன்று கண் முருகனுக்கு ஏக வரவேற்பு. சரம் படத்துக்கு நீ சொன்னபடி ஒரு வரிதான் போட்டேன். ஆனால் எல்லோரும் கேட்பது அதைப் பற்றித்தான். சென்னையிலிருந்து ஒருவர், கைவேலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம், இப்படி ஒரு படத்தைப் பார்த்ததே இல்லை என்று உருகி உருகி மின்னஞ்சல் எழுதியிருந்தார். நானும் விவரமாகப் பதில் போட்டேன். உன் பிள்ளைகளின் பெருமை எங்கெல்லாம் போகிறது பார்!

தீபாவளிக்கு வருகிறேன். நேராக உன் பள்ளிக்கு வந்து ஓவியாவைப் பார்க்கவேண்டும். அம்மாவிடம் அதிரசத்துக்குச் சொல்லி வை.

விக்னேஷ்


சிவகாசி,
11.10.2007

தம்பிக்கு,

உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசுக்குச் சுகமில்லை.

போன வாரம் ஓவியா தெருவுக்கு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். கூடவே பத்திரிகைக்காரர்கள். கையில் ஒரு தாள், அதில் அந்தப் படம். நேராக அந்த வீட்டுக்கே போனார்கள். வீட்டில் மருந்து ஏற்றின வெடி மூட்டை இருந்தது. சேதி கேட்டு நான் பள்ளியிலிருந்து ஓடினேன். நான் போகும்போது வேலுச்சாமியை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் வெடி வைத்திருந்தது, பிள்ளையை வேலைக்கு விட்டது, ரெண்டுக்கும் கேஸ். அவர் வேலை பார்த்த கம்பெனி, இந்த ஆளே எங்கள் ஆள் இல்லை என்று கை கழுவிவிட்டது. பெத்தணனைக் காணோம். தெருவில் ஒரு வீட்டுக்கும் இப்போது வேலை கிடையாது. சீசன் உச்சத்தில்.

வந்தவர்கள் செய்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஒரு பொறி விழுந்திருந்தால் தெருவே போயிருக்கும். ஆனால் பெத்தணனைத் தேடிப் போகாமல் வேலுச்சாமி வீட்டுக்கு வந்தார்களே, அது நம்மால்தானே.

குருவம்மாள் என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரி பொன்னுத்தங்கம் தெருவில் நின்று சத்தம் போட்டாள். “டீச்சரம்மா பாடம் நடத்த வந்தாகளா, படம் புடிச்சு எங்களக் காட்டிக் குடுக்க வந்தாகளா? காரியாபட்டிக்காரவுகளுக்கு நாங்கன்னா எப்பவுமே எளக்காரந்தான்.” தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வலைப்பூவை உடனே எடுத்துவிடு. யாருக்காவது விவரம் எதுவும் சொன்னாயா? யோசித்து எழுது.

அக்கா


ஹைதராபாத்,
5.11.2007

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மச்சான், அப்பா, அம்மா எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

உன் கடிதம் கிடைத்தது. ரொம்ப வருத்தம். வலைப்பூவை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஆபீஸில் வேலை அதிகம், அதனால்தான் பதில் எழுதத் தாமதம். தீபாவளிக்கு வர முடியாது போலிருக்கிறது. லீவு தரமாட்டேன் என்கிறார்கள்.

ஓவியாவுக்காகப் பத்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடத்துக்கும் கைடு வாங்கி அனுப்பியிருக்கிறேன். நான் கொடுத்ததாகச் சொல்லவேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

விக்னேஷ்


சிவகாசி,
22.12.2007

தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

கைடு வந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லை.

வேலுச்சாமி ஜாமீனில் வந்துவிட்டார். தினமும் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். எந்தக் கம்பெனியும் அவரை உள்ளே விடவில்லை. குருவம்மாளுக்கும் அதேதான். ஓவியாவைத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கவேண்டுமாம். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வேன் வைத்துப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள். சீசனில் சாயந்தர நேரம் அம்மா மடிக்குப் பக்கத்தில் சரம் பின்னினாலும் காலையில் என் வகுப்புக்கு வந்த பிள்ளை. இப்போது அதுவும் இல்லை.

அவள் பேர் வருகைப் பதிவில் இருக்கிறது. காலையில் அந்தப் பேர் வரும்போது நான் கூப்பிடாமல் அடுத்த பேருக்குப் போய்விடுகிறேன். வகுப்பும் ஒன்றும் கேட்பதில்லை. நீ அனுப்பின சி.டி.யை முத்துப்பாண்டி, “போடுங்க டீச்சர்” என்று ஒரு நாள் கேட்டான். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று பொய் சொன்னேன்.

போன கடிதத்தில் உன்னிடம் ஒன்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. பொங்கலுக்காவது வருகிறாயா?

கற்பகவல்லி


ஹைதராபாத்,
19.1.2008

அக்காவுக்கு,

பொங்கலுக்கு லீவு இருந்தது. ரயில் டிக்கெட்டும் எடுத்திருந்தேன். ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். உன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நான்தான் சொன்னேன் அக்கா. அந்தச் சென்னைக்காரர், கைவேலை ஆராய்ச்சி என்றாரே, அவரிடம். ‘யார் செய்தது, எந்த ஊர் என்று சீட்டில் இல்லையே, மியூசியம் என்றால் அது இருக்கவேண்டாமா’ என்று கேட்டிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்களுக்கா தெரியாது என்று, ஓவியா எழுதிக் கொடுத்த நாலு வரியையும் அப்படியே அடித்து அனுப்பினேன். தெருப் பேரோடு. அவர் அதைப் படத்தோடு பத்திரிகைக்காரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது. ஒரு பிள்ளை பேரில்லாமல் போகக்கூடாது என்று நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். பெரிய மனுஷன் ஒருத்தர் பாராட்டுகிறாரே என்ற மண்டைக்கனம், அவ்வளவுதான். நீ அத்தனை தெளிவாக எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்தேன், படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

நீ அக்டோபரில் கேட்டபோதே சொல்லியிருக்கவேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. தெருவில் நீ பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் இங்கே ஒளிந்துகொண்டிருந்தேன். கைடு வாங்கி அனுப்பினேனே, என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

இத்துடன் குருவம்மாள் அக்காவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அதில் எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைக்கிறேன். நீ வாசித்துக் காட்டு. உன் மேல் தப்பில்லை என்றாவது அந்தத் தெருவுக்குத் தெரியட்டும்.

விக்னேஷ்குமார்


சிவகாசி,
3.2.2008

விக்னேஷுக்கு,

உன் உடம்பை விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனசில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீதான் சொன்னாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். ஜீப்பை எடுக்கும் முன் அந்த அதிகாரி தெருவில் நின்று கையிலிருந்த தாளை உரக்கப் படித்தார். ‘பொருள்: பின்னிய சரம். எதனால் ஆனது: காகிதம், நூல், மருந்து. ஊர்.’ அப்புறம் தெருவின் பேர். ‘செய்தவர்: ஓவியா.’ நம் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் அந்த நாலு வரி தெரியாது. வாசலில் நின்ற ஓவியா நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள். டீச்சர் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள். இதைத்தான் அக்டோபர் கடிதத்தில் நான் உனக்கு எழுதாமல் விட்டேன். ‘யாருக்காவது சொன்னாயா’ என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

நீயாக வாயைத் திறந்து சொல்லவேண்டும் என்று காத்திருந்தேன். பார்ப்போம், என் தம்பி எத்தனை நாளைக்கு மறைக்கிறான் என்று ஒரு வீம்பு. தெருவில் பேச்சு வாங்கினபோதும் உன் பேரைச் சொல்லவில்லை. தம்பியைக் காப்பாற்றுகிற அக்கா என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது என்று பாண்டிச்செல்வி வந்து சொன்னாள். “ஒரு எட்டு வந்து பேசுங்க டீச்சர், நீங்க சொன்னா கேப்பாக” என்றாள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுவாரம் வேன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது. நீ சொன்னது ஒரு தப்பு என்றால் நான் சும்மா இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. உனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நேற்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு குருவம்மாள் வீட்டுக்குப் போனேன். வேலுச்சாமி ஸ்டேஷனுக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்தார். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே வாசித்தேன். முழுசும் வாசித்தேன். அப்புறம் என் பங்கையும் சொன்னேன், ஓவியாவின் நாலு வரியை நான்தான் உனக்கு அனுப்பினேன் என்றும், தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றும்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வாசிச்சு முடிச்சாச்சா?”

ஆமாம் என்றேன்.

“நல்லாத்தான் எழுதியிருக்காப்புல ஒங்க தம்பி. அழுகைகூட வருது” என்றாள். அப்புறம் சத்தம் கூட்டாமல், “ஏன் டீச்சரம்மா, நீங்க அவுகளுக்கு எழுதுனீக, அவுக ஒங்களுக்கு எழுதுனாக. யாரு தப்பு எம்புட்டுன்னு அக்காளும் தம்பியும் பிரிச்சுக்கிட்டீக. ஐப்பசி போச்சு, கார்த்திகை போச்சு, தையே முடியப் போகுது. எம் பிள்ள அங்கன மெஷினுகிட்ட நிக்குது. பிள்ளையோட அப்பா ஊரத் தாண்டக் கூடாதுன்னுட்டாக. எனக்கு விருதுநகருக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியாது, பஸ்ஸு போர்டுகூட வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிஞ்சவுக நீங்க ரெண்டு பேரும் இருக்கீகளே, ஒருத்தராச்சும் பஸ் ஏறுனீகளா?” என்று கேட்டாள்.

உலை பொங்கி வழிந்தது. அவள் போய் மூடியைத் தூக்கி வைத்தாள்.

இன்று காலையில் நல்லசிவம் சாரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். பரீட்சைக்கு அவள் பேர் போயிருக்கிறது, வந்து உட்கார்ந்தால் எழுதலாம், வருகையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கம்பெனியில் வெளியாளிடம் பிள்ளையை விடமாட்டார்களாம், பெற்றவள் போய் நின்றால் விடுவார்களாம். விடாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. விடும்வரை வாசலில் நிற்போம். வந்தாலும் அந்தப் பிள்ளை என்னோடு பேசுமா என்பது வேறு.

வருகிற சனிக்கிழமை நானும் குருவம்மாளும் இங்கிருந்து புறப்படுகிறோம். திருவனந்தபுரம் போகிற உன் ஊர் வண்டி திருப்பூரில் நிற்கும். அதில் ஏறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் வாசலில் நாங்கள் நிற்போம். ஓவியாவிடம் சொல்லவேண்டியதை நீ அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதே. வா.

அக்கா